கேக் அடுப்பில் ஒரு முன்சக்கரம்

வெண்ணெயும் கருக்கிய சர்க்கரையும் ஊறிய திராட்சையும் சூடாகிற அதே அடுப்பில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொஞ்சம் கிரீஸும் சேர்ந்து சூடானால் என்ன வாசனை வரும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். டிசம்பர் பிறந்து தாம்பரம் மார்க்கெட்டில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கியதும் என் மூக்கு அதைத்தான் தேடுகிறது. மற்றவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கேக் வாசனை போதும்; எனக்கு அதில் ஒரு சிட்டிகை கார் இருந்தாக வேண்டும்.

அப்போது நாங்கள் சிட்லபாக்கத்தில், ஏரிக்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தார். மின்சார ரயிலில் போய் மின்சார ரயிலில் திரும்புகிறவர். அம்மா படப்பையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பல வருஷம் பேருந்து மாறி மாறிப் போய், வகுப்புக்குள் நுழையும்போதே பாதி உயிர் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், நாற்பதை நெருங்கும் வயதில் திடீரென்று கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு பழைய சிவப்புச் சின்னக் கார் வந்தது. அதற்கப்புறம் அம்மா காலையில் சமையலறையில் பாடத் தொடங்கினாள். எங்கள் சபைப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த பெண்குரலில் பாடுகிறவள் அவள். ஆனால் பள்ளி நாள் காலையில் அவள் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரோடு சரி. தெரியாது என்பதால் இடப்பக்கத்து இருக்கையில் அமர்ந்து அவரும் ஓட்டுவார், எப்படியென்றால் முன்னால் ஒரு லாரி தெரிந்தால் அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்கும். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் முடிச்சூர் சாலையில் எதிரே வந்தால் இரண்டு காலும் சேர்ந்து மிதிக்கும். கார் வாங்கியபோது புதிதாகப் போட்ட கறுப்பு ரப்பர் மேட், இடப்பக்கத்தில், பிரேக்கே இல்லாத அந்த இடத்தில், வருஷம் திரும்புவதற்குள் மொழுமொழுவென்று தேய்ந்துபோனது. கழுவும்போது நான் அதை அம்மாவிடம் காட்டுவேன். அம்மா, "அப்பாவோட பயம்டி அது, மிதிக்காம கழுவு" என்பாள்.

இப்படி இருக்கையில்தான் காருக்குள் "வண்டு" வந்தது.

அது நாங்கள் வைத்த பெயர். வேகம் நாற்பதைத் தொட்டதும் எங்கிருந்தோ "ஊம்ம்" என்று ஒரு சத்தம் கிளம்பும். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். கண்ணாடியைத் திறந்துவைத்தால் கேட்காது; மூடிவிட்டால் காதுக்குள் குடியேறிவிடும். முதலில் விளையாட்டாக இருந்தது. நானும் அம்மாவும் அதன் சுருதிக்குச் சேர்ந்து முனகிக்கொண்டே போவோம். நவம்பர் மழை முடிவதற்குள் வண்டு கொழுத்து, முன்னால் பேசுவது பின்னால் கேட்காத நிலைக்கு வந்துவிட்டது.

அப்பா தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார். "ஹாஃப் கிளட்ச். நீ கிளட்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டற, மெர்சி. தேஞ்சுபோச்சு." தெருவில் கார் வைத்திருந்தவர்களும் வைத்திராதவர்களுமாக ஆண்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள். பொம்பளை ஓட்டுகிற காரில் எந்தச் சத்தம் வந்தாலும் அது கிளட்சாகத்தான் இருக்கும் என்பது அந்தத் தெருவின் விஞ்ஞானம். அம்மா ஒரு மெக்கானிக்கிடம் காட்டினாள். அவர் காரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், "கிறிஸ்மஸ் டைமு மேடம், ஆளு இல்ல. அடுத்த தபா சாரக் கூட்டினு வாங்க, பேசிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அப்பா மெதுவாகச் சொன்னார், தன் அலுவலகத்து நண்பர் ஒருவர் பழைய கார் தேடுகிறாராம், பண்டிகை முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். "அந்த ரோட்டுல நீ தினம் போய்ட்டு வர வரைக்கும் எனக்கு ஆபீஸ்ல வேலை ஓடமாட்டேங்குது. சத்தம் வேற வந்துடுச்சு. விட்டுடலாமே." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள். கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அம்மா தட்டில் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மறுநாள் காலை சமையலறையில் பாட்டு இல்லை. எனக்கு அப்போதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பாமல் இரும்புலியூர் மேம்பாலத்தின் பக்கம் போனாள். பாலத்தின் உச்சியில் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னாள். வண்டு பாடிக்கொண்டிருந்தது. இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலில் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்து, புடவையைக் கொஞ்சம் ஒதுக்கி அப்பாவுக்குக் காட்டினாள். எஞ்சின் அடங்கிப்போனது. வண்டு அடங்கவில்லை. அதே சுருதியில் "ஊம்ம்" என்று இழுத்துக்கொண்டு எங்களோடு இறங்கியது.

"கால் எங்க இருக்கு, பாத்தீங்களா?"

"நீ ரோட்டப் பாரு" என்றார் அப்பா. அவர் கால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"எஞ்சினும் இல்ல, கிளட்சும் இல்ல. வண்டி உருண்டா பாடுது. அப்ப சக்கரத்துல இருக்கு." கீழே இறங்கி, ஆளில்லாத ஓரத்தில் ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடித்தாள், வண்டு உரத்துப் பாடியது. இடப்பக்கம் ஒடித்தாள், முனகலாக அடங்கியது. "வலப்பக்கம் திரும்பினா பாரம் இடது சக்கரத்து மேல விழும். அப்பத்தான் கத்துது. முன்னாடி இடது பக்கம், உங்க காலுக்குக் கீழதான் இருக்கு உங்க ஹாஃப் கிளட்ச்."

பின் இருக்கையில் எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தட்டவில்லை. வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது அவர் சொன்னார்: "பேரிங்கா இருக்கும். நானே மாத்தறேன்."

இன்று யோசித்தால் அது அவர் கேட்ட மன்னிப்பு என்று தோன்றுகிறது. அப்பாவுக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது.

சக்கரத்தின் நடுவில், அது சுழலும் அச்சைச் சுற்றி, குண்டுகள் அடுக்கிய ஒரு எஃகு வளையம் இருக்கும், அதுதான் பேரிங். அந்தக் குண்டுகள் தேய்ந்தால் சக்கரம் பாடத் தொடங்கும். பேரிங் உட்கார்ந்திருப்பது "நக்கிள்" என்று சொல்லப்படும் ஒரு கனத்த இரும்புத் துண்டின் துவாரத்தில். அப்பா கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைவிட வேகமாக மனப்பாடம் செய்துவிட்டேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் பெரிய பிரஸ் எந்திரத்தில் நக்கிளை வைத்து, நெம்புகோலை ஆட்டி, பேரிங்கை வெண்ணெய்க்கட்டியை அமுக்குகிற மாதிரி உள்ளே இறக்கினார். "நம்மகிட்ட பிரஸ் இல்லப்பா" என்றேன். "சுத்தியல் இருக்கு" என்றார் அப்பா. உதிரிபாகக் கடைக்காரர் இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்தே போடச் சொன்னதால் இரண்டு பேரிங் வாங்கி வந்திருந்தார்.

சனிக்கிழமை எங்கள் வாசல் ஒரு திருவிழாவாக இருந்தது. சக்கரத்தின் நடு நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி நீளமாக்கி, அதன் மேல் அப்பா ஏறி நின்று குதித்தார். பால் போடுகிற அண்ணன் சைக்கிளை நிறுத்தி, "இன்னா சார், வண்டிய ஒடிக்கிறியா, உன்ன ஒடிச்சுக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, தானும் ஏறி ஒரு குதி குதித்தார். நட்டு "கீச்" என்று வழிவிட்டது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, நக்கிளைத் தனியே எடுத்து, பழைய பேரிங்கைத் தட்டி வெளியே தள்ளுவதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. உள்ளே குண்டுகள் ஓடும் தடம் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள். அம்மா அதைக் கையில் வாங்கிச் சுழற்றினாள். கரகரவென்றது. "பாவம், எவ்வளவு நாள் இப்படிப் பாடியிருக்கு" என்றாள்.

புதியதை அடிக்கத் தொடங்கியபோதுதான் சனி பிடித்தது. பேரிங் கோணலாக ஏறியது. நிமிர்த்த ஒரு அடி, அது மறுபக்கம் சாய்ந்தது. அதற்கு ஒரு அடி. சுத்தியல் சத்தத்துக்கு நடுவே கண்ணாடி விரிசல் விடுவதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வெளி வளையம் பிளந்துவிட்டது.

அப்பா படியில் உட்கார்ந்து, கிரீஸ் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "விட்டுடு மெர்சி. ஆண்டவருக்கே இந்தக் கார் வேண்டாம்னு இருக்கு. வாங்க வர்றவர இப்படியே இழுத்துட்டுப் போகச் சொல்லிடலாம்."

"ஆண்டவரை ஏன் இழுக்கறீங்க? சுத்தியலப் புடிச்சது நீங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய், அவருக்குக் காபி கலந்துகொண்டு வந்து வைத்தாள். ஆனால் அவள் முகம் செத்துப்போயிருந்தது. பேரிங் இன்னும் ஒன்றுதான். சக்கரமில்லாத கார் ஒரு பக்கம் முட்டிபோட்ட யானை மாதிரி வாசலில் நின்றது. பண்டிகை முடிந்தால் அந்த நண்பர் வந்துவிடுவார்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் பக்கம் வீட்டில் ஓவன் வைத்திருப்பவர்கள் குறைவு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களில் எல்லாரும் மாவைக் கலந்து, தட்டில் ஊற்றி, மேலே துணி கட்டி, பேர் எழுதிய சீட்டு ஒட்டி, பேக்கரியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பேக்கரி தன் ரொட்டியை எடுத்த பிறகு எங்கள் தட்டுகளை அந்த விறகு அடுப்பின் குகைக்குள் தள்ளும். அங்கே அடுப்புப் பொறுப்பில் இருந்தவர் செல்வம் அண்ணன். நீளக் கம்புத் துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளியும் இழுத்தும், யாருடைய கேக்கு எந்த மூலையில் என்று நினைவு வைத்து, பெண்களின் அவசரத்துக்கெல்லாம் ஒரு கிண்டலைப் பதிலாகத் தருகிறவர்.

மறுநாள், ஆராதனை முடிந்து, நானும் அம்மாவும் எங்கள் தட்டோடு அங்கே நின்றிருந்தோம். யாரோ இறுக மூடிக் கொடுத்த ஒரு தகர டப்பாவின் மூடி குளிர்ந்திருந்தபோது கழற்ற முடியவில்லை; செல்வம் அண்ணன் அதை அடுப்பு வாயில் கொஞ்சம் காட்டிவிட்டுத் துணியால் பிடித்தார், மூடி தானாகக் கையோடு வந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அவள் செய்துகாட்டுகிற சோதனை ஒன்று உண்டு: வளையத்துக்குள் போகும் உலோகக் குண்டு, சூடாக்கினால் பெருத்து உள்ளே நுழையாது, குளிர்ந்தால் மறுபடி நுழையும். அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

"செல்வம், நாளைக்குக் கடைசி ஈடு எப்ப முடியும்?"

"மூணு மணிக்குக்கா. ஏன், இன்னொரு தட்டு கீதா?"

"ஒண்ணு இருக்கு. கொஞ்சம் கனம்."

அன்று மாலையே இன்னொரு பேரிங் ஒரு டிபன் டப்பாவில் அடைபட்டு எங்கள் ஃபிரீசரில், வஞ்சிரத் துண்டங்களுக்குப் பக்கத்தில் படுத்தது. அம்மா மண்ணெண்ணெய் ஊற்றி நக்கிளை ஒரு பாத்திரம்போலத் தேய்த்துக் கழுவினாள். மறுநாள் அப்பா அரை நாள் விடுப்பு. ஸ்கூட்டரில் அவர் ஓட்ட, நான் முன்னால் நின்று மீன்கடைப் பனிக்கட்டி நிரப்பிய தெர்மாகோல் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, அம்மா பின்னால் நக்கிளைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சிக்னலில் பக்கத்து வண்டிப் பெண் ஒருத்தி, "குழந்தைக்கு மூஞ்ச மூடாதீங்கக்கா, மூச்சு முட்டும்" என்றாள். அம்மா போர்வையை மரியாதையாகக் கொஞ்சம் விலக்கிவிட்டாள்.

போர்வையைப் பிரித்ததும் செல்வம் அண்ணன் துடுப்பைச் சுவரில் சாத்தினார். பிறகு, "இன்னாக்கா இது, உங்க வூட்ல இதத்தான் பிளம் கேக்குன்றீங்களா?" என்றார்.

அம்மா விளக்கினாள். "முதலாளி பாத்தார்னு வையி, என்ன உள்ள வச்சு சுட்டுருவாரு" என்றவர், சொல்லிக்கொண்டே ஒரு பழைய தட்டைத் தேடி எடுத்து அலுமினியத் தாள் விரித்தார். கடைசி ஈட்டுக் கேக்குக்காகக் காத்திருந்த ரோஸி ஆன்ட்டி, அம்மாவோடு குழுவில் பாடுகிறவர், மூக்கைச் சுருக்கினார். "மெர்சி, என் கேக்குல கிரீஸ் வாசனை அடிச்சா பண்டிகைனு பாக்கமாட்டேன்."

"உன் கேக்கு வெளிய வந்த பிறகுதான் இது உள்ள போகும். நீ பொறு."

கேக்குகள் வெளியே வந்தன. நக்கிள் உள்ளே போனது. மற்ற தட்டுகளைப் போலவே அதற்கும் செல்வம் அண்ணன் "மெர்சி டீச்சர்" என்று ஒரு சீட்டு ஒட்டினார், அப்புறம் எது யாருடையது என்று குழப்பம் வரக்கூடாதாம். கேக்கு வாங்கியும் ரோஸி ஆன்ட்டி போகவில்லை. வேறு சில பெண்களும் போகவில்லை. அடுப்பின் வாயில் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம், கேக்கு உப்புகிறதா என்று பார்க்கிற அதே பார்வையில். அப்போதுதான் அந்த வாசனை எழுந்தது.

"ஒரே சான்ஸ்" என்றாள் அம்மா, அப்பாவிடம், மிக மெதுவாக. "உள்ள போனதும் ரெண்டும் ஒரே சூட்டுக்கு வந்துடும். கோணலாப் போச்சுன்னா அவ்வளவுதான்."

அப்பா கையுறைக்கு மேல் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டார். "நான் புடிச்சுக்கறேன். நீ விடு."

"நீங்க போடுங்களேன். நீங்கதானே மாத்தறேன்னீங்க."

"எனக்குக் கை நடுங்குது, மெர்சி" என்றார் அப்பா. அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். "உனக்கு நடுங்காது. பாலத்துல பாத்தேன்."

துடுப்பு நக்கிளை இழுத்துக்கொண்டு வந்து, மாவு தூவிய மேசைக் கல்லில் விட்டது. அப்பா இரு கையாலும் அழுத்திப் பிடித்தார். அம்மா தெர்மாகோல் பெட்டியிலிருந்து பனி பூத்த பேரிங்கை எடுத்து, துவாரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, மூச்சை அடக்கி, விரல்களை விரித்தாள். "டக்." கிணற்றில் விழுந்த கல் அடியைத் தொட்ட மாதிரி ஒரு சத்தம். கோணல் இல்லை, இடுக்கு இல்லை. ரோஸி ஆன்ட்டி "ஸ்தோத்திரம்" என்றார். செல்வம் அண்ணன் குனிந்து பார்த்து, "வெந்துச்சுக்கா" என்றார். பேரிங்கைப் பூட்டும் வளையத்தையும், அதன் நடுவில் போகிற, பெட்டியில் கூடவே குளிரவைத்திருந்த அச்சுத் துண்டையும் அதே சூட்டில் பொருத்திவிட்டார்கள். இரும்பு ஆறிய பிறகும் அப்பா கையை எடுக்கவில்லை. அம்மாதான், "விடுங்க, எங்கயும் போகாது" என்று சாக்கை அவிழ்த்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிற்பகலில் காரை வெளியே எடுத்தோம். முடிச்சூர் சாலை வழியாகப் படப்பை வரை, அம்மா தினமும் போகிற அதே வழி. நாற்பதைத் தொட்டது, ஒன்றும் கேட்கவில்லை. அறுபதில் டயர் தார்ச்சாலையைத் தடவுகிற சரசரப்பு மட்டும். அவ்வளவு நாள் வண்டு மூடிவைத்திருந்த சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: டேஷ்போர்டுக்குள் உருளும் பேனா, பின்னால் குலுங்கும் குடை. எதிரே கண்டெய்னர் லாரி ஒன்று வந்தது. நான் முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி அப்பாவின் காலைப் பார்த்தேன். அது அசையவில்லை. லாரி கடந்து போனது. இன்னொன்றும் போனது. பிறகுதான் கவனித்தேன், காருக்குள் இன்னொரு புதிய சத்தமும் இருந்தது. அப்பா வாயைக் கொஞ்சம் திறந்து, தலை கண்ணாடியில் சாய, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வலது கால் மேட்டின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். படப்பை வந்தும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டே போனாள்.

அலுவலக நண்பர் சொன்னபடி வந்தார். கேக் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். அப்பா அவரிடம் மழையைப் பற்றிப் பேசினார், ரயில் நேரம் மாறியதைப் பற்றிப் பேசினார், வாசலில் நின்ற காரைப் பற்றி அவர் பேச்செடுத்தபோது, "அது மெர்சியோட வண்டி, அவளத்தான் கேக்கணும்" என்று முடித்துவிட்டார். ரோஸி ஆன்ட்டி மட்டும் அந்த வருஷக் கேக்கில் கிரீஸ் வாசனை அடித்தது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கடை. கேக்குகள் எங்கிருந்தோ அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகின்றன; அடுப்பு இருந்த சுவரில் குளிர்பான அலமாரி நிற்கிறது. யாரும் தட்டில் சீட்டு ஒட்டிக்கொண்டு போவதில்லை, எங்கள் வீட்டிலேயே ஓவன் வந்துவிட்டது, அதில் அம்மா எந்த இரும்பையும் அனுமதிப்பதில்லை. சிவப்புக் கார் கைமாறி வெகுகாலம் ஆகிறது. என்னுடைய காரில் பேரிங்கும் அச்சும் ஒரே துண்டாக வருகின்றன. அதைத் தைரியமாக நானே மாற்றினேன். ஒரு பிற்பகலில் முடிந்தது, தெருவில் ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

நாவலூரில் எனக்கு வேலை. ஞாயிறுகளில் நான் ஓட்ட, அப்பா பின்னால் ஏறிச் சாய்ந்த உடனே தூங்கிவிடுகிறார். இடப்பக்கம் அம்மா. போன வாரம் காரைக் கழுவும்போது அந்தப் பக்கத்து மேட்டை எடுத்து உதறினேன். வலது குதிகால் படும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கட்டங்கள் மழுங்கி ஒரு வழுவழுப்புத் தொடங்கியிருந்தது. எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன்.

"நான் எங்கடி மிதிச்சேன்?" என்றாள்.

மேட்டை மாற்றவில்லை. அவளும் ஒரு நாள் தூங்கட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.